பல்லுக்குள் போகாத பசை

ஷாரன் பல் மருத்துவம் படித்துவிட்டு மைசூரில் சில வருடங்கள் நோயாளிகளைப் பார்த்தவள். அவள் அடைத்து அனுப்பிய பற்களே திரும்பி வந்தன. அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் கிருமி புகுந்து, உள்ளே மறுபடி சொத்தை. மறுபடி சுரண்டல். கடைசியில் பிடுங்கிப் போடுவதுதான். ஓட்டையை மூடுவதோடு நிற்காமல் பல்லுக்கு எதையாவது திருப்பிக் கொடுக்கும் அடைப்பு வேண்டும் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது. கிளினிக்கை விட்டுவிட்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள்.

அவள் உருவாக்கியது ஒரு பசை. நீல ஒளி பட்டால் கல்லாக இறுகும். அதற்குள் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த நுண்ணிய தூள். வாயில் அமிலம் ஏறும்போது அந்தத் தூள் கரைந்து கால்சியத்தை விடும். அரிக்கப்பட்ட பல் அதை வாங்கிக்கொள்ளும். சிக்கலும் அதிலேயே இருந்தது. கால்சியம் வெளியேறினால் அடைப்பு வலுவிழந்தது. வலுவைக் கூட்டினால் கால்சியம் வெளியே வர மறுத்தது. இந்த இழுபறியிலேயே அவளுடைய முப்பதுகளில் பாதி போய்விட்டது.

ஒருவழியாகக் கலவை பிடிபட்டது. மனிதர்களிடம் சோதிக்க அனுமதியும் கிடைத்தது. முதல் நோயாளியாகச் சம்மதித்தவர் கௌதள்ளி கிராமத்தில் மக்காச்சோளம் போடும் மாரக்காள். அன்று ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். துறைத்தலைவர் முனிராஜ் அவர்களைச் சிகிச்சை அறைக்கே அழைத்துப் போயிருந்தார்.

அங்கே கிளம்பும் முன் ஷாரன், அதே பசையில் செய்து எச்சில் போன்ற திரவத்தில் ஊறவைத்திருந்த வில்லைகளில் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கோடு ஓடியது. முனிராஜுக்குப் போன் போட்டாள்.

"சார், புது பேட்ச்ல விரிசல் இருக்கு."

"எத்தனை வில்லையில?"

"ஒண்ணுதான் பாத்திருக்கேன்."

"எடுக்கும்போது கை பட்டிருக்கும்மா. டாக்டர் ஜீவிதா சொத்தையை எடுக்க ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. இன்னொண்ணு பாத்துட்டு சொல்லுங்க."

அடுத்தது நன்றாக இருந்தது. கை தவறியிருக்கலாம் என்று அவளும் நம்பப் பார்த்தாள். மூன்றாவதை வைத்தாள். மறுபடி அதே கோடு. இப்போது முனிராஜ் போனை எடுக்கவில்லை.

சிகிச்சை அறை அடுத்த கட்டடத்தில், மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள். உள்ளே நுழைந்தபோது மாரக்காள் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். பல் மருத்துவர் ஜீவிதா பசை நிரப்பிய குழலைப் பல்லருகே கொண்டுபோயிருந்தாள்.

"ஜீவிதா, வைக்காதே."

முனிராஜின் முகம் இறுகியது. "ஷாரன், வெளியே போய்ப் பேசலாம்."

"வெளியே போனா இங்க வெச்சிடுவாங்க சார். வில்லை தண்ணியில வெடிக்குது. வாயில மட்டும் எப்படி நிக்கும்?"

மாரக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரத்துப்போன உதட்டால் கேட்டார்: "என்ன ஆச்சுங்க?"

ஷாரன் மறைக்காமல் சொன்னாள். "நாங்க செஞ்ச மருந்துல கோளாறு இருக்குங்கம்மா. இப்பத்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு உங்களுக்கு வழக்கமான அடைப்பே வெச்சுடறோம்."

"பல்லைக் கொடஞ்சு போட்டு இப்பச் சொல்றீங்களே. எம்பட வாயில கை வெக்கறதுக்கு முன்னாடி இதைப் பாக்க மாட்டீங்களா?"

ஜீவிதா வழக்கமான பசையை எடுத்தாள். விருந்தினர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

அதன்பிறகு முனிராஜ் வெகுநாள் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. நிதி நிறுத்தப்படும் என்ற பேச்சு கல்லூரியில் அடிபட்டது. ஷாரன் பழைய தூளையும் புதிய தூளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் புரிந்தது. புதிய தூள் மழைக்காலத்தில் உலர்த்தப்பட்டது. ஈரம் ஏறி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அந்தக் கட்டிகள் நீரை உறிஞ்சி உப்பியபோது சுற்றிலும் இறுகியிருந்த பசை பிளந்தது. ஈரமில்லாத மூடிய பெட்டிக்குள் உலர்த்தி, துகள் ஒவ்வொன்றுக்கும் பசை பற்றிக்கொள்ள ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தாள். பூச்சு தடித்தால் கால்சியம் வராது. அதைச் சரிப்படுத்த இன்னொரு மழைக்காலம் கடந்தது.

நிதி தப்பியது. அந்தச் செய்தியைச் சொல்ல முனிராஜே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "அன்னைக்கு நீங்க ஓடி வராம இருந்திருந்தா நான் அந்தப் பசையை வெக்க விட்டிருப்பேன்," என்றார்.

மாரக்காளுக்கு இன்னொரு பல்லிலும் சொத்தை இருந்ததால், புதிய பசைக்கு மறுபடி வருவாரா என்று ஷாரன் போனில் கேட்டாள். "நீங்க நல்லவங்கதானுங்க. ஆனா வேற ஆளைப் பாத்துக்கோங்க," என்று அவர் போனை வைத்துவிட்டார். அது நியாயம் என்றே ஷாரனுக்குப் பட்டது.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தருண்குமார் புதிய பசை வைத்துக்கொண்ட முதல் ஆளானான். ஆறு மாதம் கழித்து, சங்கராந்தி முடிந்த வாரம் சோதனைக்கு வந்தான். ஜீவிதா கூர்முனைக் கருவியால் அடைப்பின் ஓரத்தைத் தடவினாள். ஷாரன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். கருவி எங்கும் சிக்கவில்லை. அடைப்பின் அடியில் சொத்தையின் கருநிழலும் இல்லை.

"கெட்டியானதை அந்தப் பக்கம் கடிக்கலைதானே?" என்று ஷாரன் கேட்டாள்.

அவன் தயங்கினான். "பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். பண்டிகைக்குக் கரும்பு கடிச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான்."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள்.