கீட்டோனும் ஒரு 'லாமும்'

மருந்துக்கடையில் நிற்பவனுக்கு மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாய் இருக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் வதைபடும் என் இனத்தவர்களே, உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போது தரமாட்டேன். நானும் காத்திருந்துதான் சிரித்தேன்.

ஒரு போத்தல்

நோன்பு மாதத்தில் ஒரு வீடியோ மருதமுனை முழுக்கப் போனிலிருந்து போனுக்குத் தாவியது. பசித்திருக்கும்போது உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்று ஒன்றை உண்டாக்குமாம். இதயம் தாறுமாறாகத் துடிப்பதைத் தடுக்க அது உதவலாமாம். மறுநாளே பாலமுனை மீன் வியாபாரி ஒருவர் வந்து, "கீட்டோன் ஒரு போத்தல்" என்றார். அது விற்பதில்லை, உங்கள் உடம்புக்குள்ளேயே ஊறுவது என்று விளக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இல்லாட்டி இல்லையெண்டு சொல்லு தம்பி. என்ட உடம்புல இருக்கிறதக் காட்டி ஏன் ஏமாத்துறாய்?"

முதலாளியின் நெஞ்சு

கடை என் மாமாவுடையது. அவருக்கு இதயத்துடிப்பு தாளம் தப்பும் வருத்தம். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடும் நோன்பு திறந்த பிறகும் குளிசை போடச் சொல்லியிருந்தார் கல்முனை டொக்டர். வீடியோவைப் பார்த்ததும் மாமா இரண்டையும் நிறுத்திவிட்டார். நோன்பே மருந்தாம். ஊருக்கெல்லாம் குளிசை விற்கிறவர்!

ஒருநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு இருமல் பாணிப் போத்தலை எடுக்கக் கை நீட்டியவர், அப்படியே மருந்து ராக்கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. நோன்பு திறந்ததும் குளிசையைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். பிறகு கத்தினேன்.

"கடையும் என்ட, நெஞ்சும் என்ட. நீ ஒன்ட வேலயப் பாருடா!"

என் வேலை

பார்த்தேன். என் வேலை குரல். பள்ளிவாசல் மோதினார், மாமி, பஸ் கொண்டக்டர் எல்லோரும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள். அன்று நோன்பு திறந்து மஃரிப் தொழுத பிறகு ஸ்டோர் அறைக்குள் புகுந்து, கூட்டாளியின் போனில் மாமாவை அழைத்து டொக்டரானேன். டொக்டர் கிறிஸ்தவர், மெதடிஸ்ட் கோயிலில் பாடுகிறவர், அடித்தொண்டைக் குரல், வசனத்துக்கொரு "கேக்குதோ?"

"உதவும் எண்டு ஆர் சொன்னது? உதவலாம் எண்டுதான் சொல்றாங்க. ஆய்வுகூடத்தில இன்னும் பாத்துக்கொண்டு இருக்கிறாங்க. கேக்குதோ? நோன்பப் புடிங்க, குளிசையையும் போடுங்க. இப்பவே!"

கதவிடுக்கால் பார்த்தேன். மாமா மரியாதையாக எழுந்து நின்று, "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று மிச்சக் கஞ்சியோடு குளிசையை விழுங்கினார். சந்தோஷத்தில் என் வாய் என்னை மீறியது:

"சுகமாகும், இன்ஷா அல்லாஹ்!"

மாமாவின் தலை மெதுவாக ஸ்டோர் பக்கம் திரும்பியது.

"டொக்டர், நீங்க எப்ப கலிமா சொல்லி முஸ்லிமானீங்க?"

குளிசை இறங்கிவிட்டது. இனி அவர் எந்தச் செருப்பைக் கழற்றினாலும், நாளைக்கும் டொக்டர் கதைப்பார்.