இங்கிலாந்து இசைத்தட்டும் என் கேமராவும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வெள்ளைக்கார ராக் குழு மேல பைத்தியம். எங்க அலமாரி முழுக்க அவங்க இசைத்தட்டுதான்.

இன்னைக்கு அவர் ஃப்ரெண்டு செங்கல்பட்டுலேர்ந்து புதுப்பட்டினம் வரைக்கும் பஸ்ல ஒரு தட்டை மடியிலேயே வெச்சுக் கொண்டுவந்தார். இங்கிலாந்துல அச்சடிச்சதாம். அதே ஆல்பம் எங்ககிட்டயும் இருக்கு, இந்தியாவுல அச்சடிச்சது.

"இதுக்குப் பதிலா உன் கேமராவைக் குடுத்துடலாமா?"ன்னார் இவர்.

என் அண்ணன் எனக்கு வாங்கிக் குடுத்த கேமரா!

எது ஒசத்தின்னு கேட்டுப் பார்க்கணுமாம். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு, முதல்ல இந்தியா, அப்புறம் இங்கிலாந்து போடச் சொன்னாங்க. நான் எரிச்சல்ல ரெண்டு தடவையும் இந்தியாவையே போட்டேன்.

முதல் தடவை, "தகர டப்பா"ன்னார் ஃப்ரெண்டு.

ரெண்டாவது தடவை இவர் கண்ணுல தண்ணி. "இன்னா டிரம்ஸு மச்சான்! நெஞ்சுல இடிக்குது!"

தட்டை எடுத்து, "ரெண்டு தடவையும் இதுதான்"னு இந்தியா லேபிளைக் காட்டினேன்.

அப்புறம் ஃப்ரெண்டு மெதுவா, "மச்சான், இதை எனக்குக் குடுத்துட்டு என்னோடதை நீ வெச்சுக்கயேன்"னார்.

"உசுரே போனாலும் குடுக்க மாட்டேன்"னார் இவர்.

கல்பாக்கம் பக்கம் நல்ல காது டாக்டர் இருந்தா சொல்லுங்க. ரெண்டு டோக்கன் போடணும்.