கோலகங்சார் மரத்தடியில் செருப்புகள்

மலேசியாவில் பேராக் சுல்தான்களின் அரச நகரான கோலகங்சாரில் எங்கள் மூன்று நாள் சுற்றுலாவின் இரண்டாம் நாள் இது. பள்ளிவாசல், கோயில் என்று காலையிலிருந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமே வேலையாக இருக்கிறது.

மத்தியான வெயிலில் வேன் ஒரு ரப்பர் மரத்தருகே நிற்கிறது. நாட்டில் முதன்முதலாக நட்டவற்றில் மிஞ்சிய மரமாம். வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி சேகர் தொண்டையைச் செருமுகிறார். அதற்குள் எங்களோடு வந்த கோப்பெங் ஊர் ராசம்மா அக்கா முதல் ஆளாக இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரப் புல்லில் போய் நிற்கிறார்.

அவ்வளவுதான். பின்னால் இறங்கிய எல்லாரும் கழற்றுகிறார்கள், நானும்தான். தார் சுடுகிறது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். படமெடுத்துக்கொண்டிருந்த சீனத் தம்பதிகூட எங்களைப் பார்த்துவிட்டுக் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிறார்கள்.

"அண்ணே, இங்கல்லாம் கழட்ட வேணாம்லா!" என்று சேகர் கத்துகிறார். யாரும் கேட்பதாக இல்லை.

கால் மாற்றிக் கால் ஊன்றியபடி அக்காவிடம் போய்க் கேட்கிறேன்: "மரத்துக்கு மரியாதையாக்கா?"

"மரியாதையா? புதுச் செருப்பு கடிக்குது தம்பி."

குதிகாலைத் தடவியபடி திரும்புகிறவர், வரிசையாகக் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ரப்பர் எஸ்டேட்டுல முப்பது வருசம் இந்த மரத்தோட பேரப்புள்ளைங்ககிட்ட பால் வெட்டுனவ நான். இதுதான்லா என்னயக் கும்பிடணும்!"