மேசையில் மறந்த குழாய்

எண்பதுகளின் கடைசியில் நான் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூட டெக்னீஷியன். மறதி நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் எந்தப் புரதம் மாறியிருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடைபோட்டுத் தேடினோம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் நீரும் வேண்டும்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாணிக்கம், நோயாளியான தன் மனைவிக்காக முதுகில் ஊசி குத்திக்கொண்டார். அவரது நீர் இருந்த குழாயை ஃப்ரீசரில் வைக்க மறந்து, மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அது எதற்கும் உதவாமல் போயிருந்தது.

"மெஷின்ல ப்ராப்ளம் அங்கிள், இன்னொரு தடவை எடுக்கணும்" என்று பொய் சொன்னேன்.

"பரவால்ல லா, அவளுக்காகத்தானே" என்று ஒருக்களித்துப் படுத்தார். லேபிள் ஒட்டுமுன் வழக்கப்படி பேர் கேட்டேன்.

"மாணிக்கம். கல்யாணமானதிலேர்ந்து அவ என் பேரைச் சொன்னதே இல்ல. இப்ப தினமும் நீங்க யாருன்னு கேக்கறா."

டாக்டர் ஊசியை இறக்கியபோது மாணிக்கத்தின் கை எதையோ தேடியது. பிடித்துக்கொண்டேன். உண்மையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று அவரைப் பாவம் என்று நினைத்தேன். இன்று என் வீட்டில், நீங்க யாரு என்று கேட்கக்கூட ஆளில்லை.