இலக்கமில்லாத எஞ்சின்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. அந்த அமெரிக்கக் காரைப் பற்றி அண்ணை எனக்குப் பலமுறை விளங்கப்படுத்தினார். இன்றுவரை முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் சில கார் விற்பனையாளர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய எஞ்சினைப் பூட்டி, பக்கவாட்டில் கோடு போட்டு விற்றார்களாம். அவர்கள் கையால் மாற்றியிருந்தால் அது அசல். பின்னாளில் வேறு யாராவது ஆசைக்கு மாற்றியிருந்தால் போலி. ஜெர்மனியில் பதினொரு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு லண்டன் வந்த அண்ணை, சேமிப்பு முழுவதையும் கொட்டி அப்படி ஒன்றை வாங்கி, தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தான் வேலை செய்த கராஜின் பின்பக்கம் நிறுத்தியிருந்தார். அசல்தான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், அதை விற்றுச் சொந்தமாக ஒரு கராஜ் திறக்கலாம். பிறகு எந்த முதலாளிக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

ஈஸ்ட் ஹாமில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நான் அகதி விண்ணப்பங்கள் நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. பிறந்த திகதி ஒரு தாளில் ஒன்றாகவும் இன்னொரு தாளில் வேறாகவும் இருந்ததால் ஆட்கள் வருடக்கணக்கில் அலைக்கழிந்ததைப் பார்த்தவள். ஆகவே காரைப் பரிசோதிக்க ஒரு ஆங்கிலேயர் வரப்போகிறார் என்று அண்ணை தொலைபேசியில் சொன்னபோது என் தொழில்புத்தி முந்திக்கொண்டது.

“நம்பர் எல்லாம் ஒத்துப்போகுதோ அண்ணை?”

“காரின்ர சேசிஸில, அடிச்சட்டத்தில, நம்பர் கிடக்கு. எஞ்சினில ஒண்டையும் காணேல்லை பிள்ளை. அது குத்தியிருக்க வேண்டிய இடம் வழுவழுவெண்டு கிடக்கு.”

“வெறுமையா விட்டா எப்பிடி? ஒரு இடத்தில இருக்கிறது மற்ற இடத்திலயும் இருக்க வேணும். இல்லாட்டி துருவித் துருவிக் கேப்பாங்கள்.”

“ஓம்,” என்றார். என்ன செய்யப்போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். பழைய ரசீதைப் பார்த்தார், கியர்பெட்டியைப் பார்த்தார், காரின் அடியில் படுத்துப் பின் அச்சைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டே இருந்தார். அண்ணையின் முகம் மலர்ந்துகொண்டே போனது. எஞ்சின்மேல் டோர்ச்சோடு குனிந்தவர்தான் நெடுநேரம் நிமிரவில்லை.

பிறகு அவர்தான் விளக்கினார்: அந்த விற்பனையாளர்கள் பூட்டிய எஞ்சின் தனியாகப் பெட்டியில் வந்ததாம். அதில் காரின் இலக்கம் இருக்காது, இருக்கவும் கூடாது. அந்த வழுவழுப்பான இடத்தைத்தான் மனிதர் தேடி வந்திருக்கிறார். அங்கே இப்போது சேசிஸ் இலக்கம் புத்தம்புதிதாக, வெகு நேர்த்தியாகக் குத்தப்பட்டிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. ஒத்துப்போனால் பொய், ஒத்துப்போகாவிட்டால் உண்மை. இதென்ன கோதாரி என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

“நான்தான் அடிச்சனான் எண்டு சொல்லு,” என்றார் அண்ணை. சொன்னேன். முன்பு வெறுமையாக இருந்ததற்குப் படம் ஏதும் உண்டா என்று வந்தவர் கேட்டார். இல்லை. அந்த இடம் முதலிலிருந்தே வெறுமையாக இருந்ததா, வேறொரு காரின் இலக்கத்தை யாரோ அராவி எடுத்ததா என்று இனித் தெரியாது, உங்களை நம்புகிறேன், ஆனால் எழுதித் தர முடியாது என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு, ஏன் இதைச் செய்தீர்கள் என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். “நீயே சொல்லு பிள்ளை.”

“அவர் விவரம் தெரியாமல் செய்துவிட்டார்,” என்று வாய் கூசாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் பங்கை அப்படியே விழுங்கிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணை கைத்துணியால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரியும்.