கரும்பலகையில் ஐந்தாவது முகம்

கல்வராயன் மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் நான் வேலை பார்த்த காலம் அது. ஒருநாள் ஓவிய வகுப்புக்காகக் கரும்பலகையில் நான்கு வட்டங்கள் போட்டுச் சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நான்கு முகங்கள் வரைந்தேன். எது என்ன முகம் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “நாலுமே ஒங்க மூஞ்சிதான் சார்” என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மூன்றாவது முகத்தை அவர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. நான் எலவனாசூர்கோட்டைக்காரன். எங்கள் பக்கத்தில் மனசில் இருப்பது முகத்தில் வந்துவிடும், முகத்தில் வராவிட்டால் வாயில் வந்துவிடும். அந்தப் பெண்ணின் அப்பா அப்படியில்லை. கடுக்காய் மூட்டை நல்ல விலைக்குப் போன அன்றும், மாடு பள்ளத்தில் விழுந்து செத்த அன்றும் ஒரே முகத்தோடுதான் பள்ளிப் பக்கம் வந்தார். இரண்டு வருஷம் பழகியும் அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த முகத்தை நம்பித்தான் நான் ஒருநாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். நான் முகம் வரைந்த அந்த வாரம்தான் கீழே சமவெளியில் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் ஒரே பேருந்தும் நின்றுபோனது. என் மனைவி தலைப்பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாள் குறித்ததோ அதே வாரம்.

இட ஒதுக்கீடு நியாயம் என்று டீக்கடையில் தொண்டை வற்ற வாதாடியவன் நான். இப்போது மரம் வெட்டியவர்களைத் திட்டினேன், கேட்டபோதே கொடுக்காத சர்க்காரைத் திட்டினேன், வெட்டினால் விழுந்துவிடுகிற புளியமரத்தையும் திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது என்று இரண்டாம் நாள் காலையில் நடந்தே இறங்கினேன். முதல் சரிவிலேயே கால் பிசகிக் கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பாதான் என்னை முதுகில் தூக்கிவந்து அறையில் போட்டார்.

“நான் போயி பாத்துட்டு வரேங்க” என்றார். மாமனார் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்து வைத்தது அப்படியே இருந்தது.

மறுநாள் மதியம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் வந்தார். முட்டிவரை புழுதி. கையில் தூக்குவாளி. நான் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கடுக்காய் விற்ற முகமா, மாடு செத்த முகமா?

“இன்னா ஆச்சு?” என்றேன்.

“மொதல்ல சாப்புடுங்க சார்.”

எனக்கு உலகம் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவருபவர்கள் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் பிறகு வயிற்றில் ஒன்றும் இறங்காது என்று முதலில் சாப்பிட வைப்பார்கள். என் அப்பா இறந்த அன்று சித்தப்பா ஹாஸ்டலுக்கு வந்து என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பூரி வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது பூரியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றுவரை நான் பூரி தொடுவதில்லை.

“சொல்லுங்க” என்றேன்.

அவர் பாட்டுக்குத் தூக்குவாளியைத் திறந்தார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. தட்டில் போட்டுப் பிசைந்து என் முன்னால் வைத்தார். “ரெண்டு வாய் துன்னுங்க. சொல்றேன்.”

போய்விட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். பிள்ளையும் போயிருக்கும். ஒரு வாய் எடுத்தேன். மண்ணைத் தின்பது போல இருந்தது. இரண்டாவது வாயையும் விழுங்கினேன்.

“பொண்ணு கொயந்த” என்றார். “நேத்து சாயங்காலம். குறுக்க இருந்த புள்ள தானா திரும்பிக்கிச்சாம். மாட்டு வண்டி கட்டிக்கினு வயலு வழியா ஆசுபத்திரிக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நானே பாத்தேன்.”

நான் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு காலில் எழுந்து நின்று கத்தினேன். “யோவ்! அறிவிருக்கா உனக்கு? இத மொதல்ல சொல்லக் கூடாதா? எம் பாதி உசுரு போயிடுச்சேய்யா!”

அவர் முகம் மாறவில்லை. “சேதி எங்க ஓடிடப் போவுது, என்கிட்டதானே இருக்கு. நீங்க ரெண்டு நாளா துன்னலன்னு பாப்பா வூட்டுல சொல்லியிருந்துச்சு” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பா பேசிட்டேன் என்று நாலைந்து தரம் சொன்னேன். அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் பசி தெரிந்தது. தூக்குவாளியைக் காலி செய்தோம். அவரும் காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல்தான் மலை ஏறியிருந்தார்.

மறுநாள் வகுப்புக்கு நொண்டிக்கொண்டு வந்தால், கரும்பலகையில் நான் வரைந்து அழிக்காமல் விட்டிருந்த நான்கு முகங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று. புருவம் நெரிந்து, கண் பிதுங்கி, மூக்கு விடைத்து, வாய் கிழிய ஒரு முகம்.

“யாரு வரஞ்சது? நான் கோவப்படறதா இது?”

நாலாம் வகுப்புப் பெண் எழுந்தாள். “கோவம் மூணாவது சார். இது புள்ள பொறந்த மூஞ்சி.”

அன்று நான் திட்டவில்லை.

மறியல் முடிந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் முதல் வண்டியில் இறங்கினேன். வெட்டிய மரங்கள் சாலையோரம் ஒதுங்கிக் கிடந்தன. வழி நெடுக, மனைவி முன்னால் எப்படிச் சிரிப்பது என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பழகிக்கொண்டே போனேன். மாமனார் வீட்டில் கட்டிலில் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. பழகிய சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் புருவம் நெரிவதும் மூக்கு விடைப்பதும் எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமியார் ஓசைப்படாமல் வெளியே போய்விட்டார். மனைவியின் கண் கலங்கியது.

“பொண்ணா பொறந்துடுச்சேன்னு கோவமா ஒங்களுக்கு?”

“ஐயோ, கோவமில்ல” என்றேன். “இது புள்ள பொறந்த மூஞ்சி. வேணும்னா எங்க இஸ்கூலு போர்டுல வந்து பாரு.”

அவள் என் முகத்தை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.