கொட்டாஞ்சேனைக்குப் போன நகரப் புத்தகம்

எங்கள் வீட்டில் பூதங்களைப் பற்றிய புத்தகத்தை அதிகம் வாசித்தவன் நான்தான். மகள் அதை விளையாட்டுக்குத் தேவையான இடங்களில் மட்டும் புரட்டுவாள். நான் முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு பூதமும் எங்கே வாழும், எந்த நேரத்தில் வெளியே வரும், எதற்குப் பயப்படும், எத்தனை பேர் சேர்ந்தால் அதை வெல்லலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். பயப்பட வேண்டியவற்றை யாரோ இப்படி ஒழுங்காக எழுதிவைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அது பலகையும் காய்களும் இல்லாத விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லவேண்டும். அது பலிக்குமா என்பதை உருட்டிப்போடும் இருபது முக டைஸ் முடிவுசெய்யும். நடத்துபவருக்கு உதவத்தான் புத்தகங்கள். விதிகளுக்கு ஒன்று, பூதங்களுக்கு ஒன்று, மதில் சூழ்ந்த ஒரு நகரத்துக்கு ஒன்று. முதல் இரண்டும் கொழும்புக் காலி வீதியில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டவை. நகரப் புத்தகம் மட்டும் என் தம்பி ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது. கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், பின்பக்கத்தில் மடித்து வைத்த வரைபடம். கைகழுவாமல் அதைத் தொட மகள் யாரையும் விடமாட்டாள்.

சனிக்கிழமைகளில் அவளுடைய கூட்டாளிகள் மூன்று பேர் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருவார்கள். கதையை நடத்துவது மகள். எல்லோரும் எப்போதும் எங்களிடமே வருவதற்குக் காரணம் நான். அவளை நான் எங்கும் அனுப்புவதில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு காலை அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதிர்வில் அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடி விழுந்தது. நான் பிடித்த பிடியில் அவள் மணிக்கட்டு கன்றிப்போனது. அப்போது அவள் சின்னப்பிள்ளை, மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். நான் இன்றும் மேல்வீட்டில் ஒரு கதிரை விழுந்தால் எழுந்து அவளைத் தேடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை கூட்டாளிகளில் ஒருவனுக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். எனக்கு ஒரு வியாபாரியின் பாத்திரம். கதைக்குள் நடந்து நடந்து மதில் நகரத்தின் வாசலுக்கு வந்துசேர்ந்தோம். மகள் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு வாசற்காவலன் ஆனாள்.

"யார் நீ? எங்க போறாய்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெயர், சொந்த ஊர், தங்குமிடம், என்ன அலுவல், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவேன் என்று மளமளவென்று ஒப்புவித்தேன். கை தானாகச் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடியது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற பிள்ளை மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அந்தக் கூட்டத்தில் அவள்தான் வாய்க்காரி.

"அங்கிள், இது சும்மா கதையில வர்ற கேட். ஒரு பொய்யச் சொல்லிட்டு உள்ள வாங்க. இல்லாட்டி அவனுக்கு ஒரு அடி போடுங்க, கையில டைஸ் இருக்குதானே!"

"அடிக்கிறதோ? பின்னுக்கு வாற ஆக்களை யோசிச்சுப் பாத்தனீரோ பிள்ளை? அவையளைத்தான் பிடிப்பாங்கள்."

"அப்பா, பின்னுக்கு ஒருத்தரும் இல்லை," என்றாள் மகள்.

"நாங்கள் திரும்பி வரேக்க இதே ஆள்தான் டியூட்டியில நிப்பானோ?"

மகள் உண்மையாகவே நகரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அது இதில இல்லை அப்பா."

"அப்ப நீங்கள் போங்கோ. நான் இதில நிக்கிறன்."

சிரிப்பு நின்றது. அவர்கள் விவரம் அறியும் முன்பே ஊரிலிருந்த சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. போர்க் காலத்தில், என் இருபதுகளில், பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் பஸ்ஸை விட்டு இறங்கி இதே பதில்களை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை பதிலெல்லாம் சரியாக இருந்தும் என்னைக் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த மேசையில் அதை நான் சொல்லவில்லை. மகள் காவலனின் குரலை விட்டாள். "சரி, இண்டைக்கு இவ்வளவும் காணும்," என்று புத்தகத்தை மூடினாள்.

சில கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் தாய்க்கு ஸ்ட்ரோக் வந்தது. ஒருபக்கக் கையும் காலும் இயங்கவில்லை. தகப்பன் கடைக்குப் போகிற சனிக்கிழமைகளில் பிள்ளைதான் தாயோடு இருக்கவேண்டும். அவள் எனக்கே போன் எடுத்தாள்.

"அங்கிள், இனி எங்க வீட்ல விளையாடலாம்னு யோசிச்சோம். நான் வெளிய வர ஏலாதுதானே. உங்க மகள் இல்லாட்டி கேம் இல்ல அங்கிள். கொஞ்சம் அனுப்புங்களேன்."

வாய்க்காரியின் குரல் அன்று மிகவும் சின்னதாக இருந்தது. அந்தப் பக்கம் டெங்கு என்றேன். ஏ.எல். பரீட்சை வருகிறது என்றேன். "சரி அங்கிள்," என்று வைத்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளையின்ர தாய் படுத்த படுக்கையா இருக்கிறா. நீங்கள் டெங்கைக் கதைக்கிறியள்," என்றாள் மனைவி.

அடுத்த சனிக்கிழமை மற்ற இருவரும் வந்தார்கள். மகள் மூன்று புத்தகங்களையும் டைஸ்களையும் ஒரு துணிப்பையில் போட்டு அவர்களிடம் நீட்டினாள். "அவவையே நடத்தச் சொல்லுங்கோ. வீட்டில இருக்கிறவவுக்கு வாசிக்க நேரம் இருக்கும். வரைபடத்தை மட்டும் பாத்து மடியுங்கோ." மகளையும் கூட்டிப் போங்கள் என்று சொல்ல, லிஃப்ட் கதவு மூடும்வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அதே மேசையில் மகள் பரீட்சைக்குப் பாஸ்ட் பேப்பர் செய்கிறாள். நித்திரையில்லாமல் யோசித்து யோசித்து, போன கிழமை ஒருவழியாக வாய் திறந்தேன்.

"வாற சனி நானே ஓட்டோவில கொண்டுபோய் விடுறன், பிள்ளை."

அவள் பேனையை வைத்தாள். "வேண்டாம் அப்பா. இப்ப அங்க அவதான் நடத்துறா. நல்லா நடத்துறாவாம். கதை எங்கயோ போயிட்டுது."

"போய்ச் சேர்ந்துகொள்ளேலாதோ?"

"கதையில அந்த மதில் நகரமே எரிஞ்சு போச்சாம். இனி நான் போய் எங்கயிருந்து தொடங்கிறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இன்னும் வற்புறுத்தியிருப்பேன். அவள் என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள். அவள் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் என் நெஞ்சு லேசானது. முகத்திலும் அது தெரிந்திருக்கவேண்டும். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தேநீர் ஊற்றுவதாகச் சொல்லி எழுந்து குசினிக்குள் போனாள்.